கர்ப்ப காலத்தில் தோல்: எது இயல்பு? எது ஆபத்து?



கர்ப்பிணியின் தோலில் பல மாற்றங்கள் வரும். கன்னத்திலும் நெற்றியிலும் கருமை படரும். இதை மங்கு என்பார்கள். வயிற்றின் நடுவில் கரிய கோடு தோன்றும். வயிற்றிலும் தொடையிலும் வரிகள் விழும்.

ஏன் இப்படி? கர்ப்ப காலத்தில் உடலில் ஹார்மோன் என்னும் சுரப்புகள் கூடுகின்றன. அவை தோலின் நிறத்தைக் கூட்டுகின்றன. வயிறு பெரிதாகும்போது தோல் இழுபடுகிறது. அதனால் வரி விழுகிறது. இவை நோய் அல்ல. பிள்ளை பிறந்த சில மாதங்களில் மங்கும் கோடும் பெரும்பாலும் குறைந்துவிடும். வரிகள் முழுவதும் போகாது. ஆனால் வெளுத்துவிடும்.

"முகம் கறுத்தால் பெண் பிள்ளை" என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை அல்ல. குங்குமப்பூப் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் உண்மை அல்ல. பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழியாக வருவது. கறுப்பு ஒரு குறையும் அல்ல.

தோலை எப்படிப் பேணுவது? வெயில் பட்டால் மங்கு கூடும். வயலுக்குப் போகும்போது முந்தானையால் தலையையும் முகத்தையும் மூடுங்கள். தினமும் குளியுங்கள். அக்குளையும் தொடை இடுக்கையும் ஈரம் போகத் துடையுங்கள். தோல் வறண்டால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தளர்ந்த பருத்தி உடை நல்லது.

சிவப்பழகுக் களிம்பு வேண்டாம். சில களிம்புகளில் பாதரசம் இருக்கும். அது நஞ்சு. தாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையின் மூளையையும் பாதிக்கும். சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது தோலை மெலிதாக்கும். படர்தாமரைக்குத் தடவினால் முதலில் அரிப்பு அடங்கும். பிறகு படை இன்னும் பரவும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது.

இனி முக்கியமான செய்தி. வீட்டில் உள்ள ஆண்களும் மாமியார்களும் இதைக் கேட்க வேண்டும்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு சில பெண்களுக்குக் கடும் அரிப்பு வரும். உள்ளங்கையும் உள்ளங்காலும் அதிகம் அரிக்கும். இரவில் தூங்க முடியாது. ஆனால் தோலில் தடிப்போ கொப்புளமோ இருக்காது. "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்தால் போகும்" என்று வீட்டில் சொல்வார்கள். அப்படி விட்டுவிடக் கூடாது. இது கல்லீரல் கோளாறாக இருக்கலாம். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சரியாக வெளியேறாமல் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதனால் அரிப்பு வருகிறது. அது மிகவும் கூடினால் பிள்ளை வயிற்றிலேயே இறந்து போகலாம்.

சிறுநீர் கறுத்துப் போகிறதா? கண் மஞ்சளாகிறதா? இவையும் அடையாளங்கள். இவை இல்லாமல் அரிப்பு மட்டும் இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவர் மருந்து தருவார். பிரசவத்தை எப்போது வைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்வார்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. 2016 முதல் நாடு முழுவதும் இது நடக்கிறது. தவறாமல் போங்கள். ஆனால் இந்த அரிப்பு வந்தால் 9-ஆம் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

முகம் கறுத்தால் பயப்பட வேண்டாம். உள்ளங்கை அரித்தால் சும்மா இருக்க வேண்டாம்.