பிட்கீப்பர் தந்த இலவசம்

கணினி மென்பொருளை எவரும் இயக்கவும், அதன் மூல நிரலைப் படித்தறியவும், திருத்தவும், பிறருடன் பகிரவும் உரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற கோட்பாட்டை முன்வைத்து, அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். மூல நிரல் என்பது மனிதர் படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்பு. அதை மறைத்து வைக்கும் மென்பொருள் எவ்வளவு திறமையாக இயங்கினாலும் ஏற்கத்தக்கதன்று என்பது ஸ்டால்மனின் நிலைப்பாடு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டே குனுவின் பொது உரிமத்தை ஏற்றது என்றாலும், அவருடைய மனப்போக்கு வேறு: வேலைக்கு எது சிறந்த கருவியோ அதைக் கொள்வதே முறை என்றார் அவர். இவ்விரு போக்குகளும் நேருக்கு நேர் மோதியது பிட்கீப்பர் விவகாரத்தில்.

வன்பொருளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் இடையே நின்று கணினியை இயக்கும் அடிப்படைப் பகுதி கர்னல் எனப்படும். லினக்ஸ் கர்னலுக்கு உலகெங்கிலுமிருந்து மின்னஞ்சலில் வந்து குவிந்த திருத்தங்களை டோர்வால்ட்ஸே பார்த்துச் சேர்த்துவந்தமையால், பல திருத்தங்கள் பதிலின்றித் தவறிப்போயின. அனுப்பியவர்கள் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டியிருந்தது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற வரலாற்றைக் காப்பது பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். ஸ்டால்மன் கோரிய உரிமைகளைத் தரும் கட்டற்ற உரிமத்தில் அப்போது பரவலாக இருந்த சிவிஎஸ், எல்லாவற்றுக்கும் ஒரே மைய வழங்கியை நம்பியிருந்தது. டோர்வால்ட்ஸ் அதை அடியோடு வெறுத்தார். லாரி மெக்வாயின் பிட்மூவர் நிறுவனம் உருவாக்கிய பிட்கீப்பரோ, முழு வரலாற்றையும் ஒவ்வொரு நிரலாளரின் கணினியிலும் வைத்து, தனித்தனியே செய்த மாற்றங்களைப் பின்னர் இணைக்க வழிசெய்தது. 2002இல் டோர்வால்ட்ஸ் அதற்கு மாறினார்; வேலையும் கண்கூடாக வேகம் பெற்றது.

காசு வாங்காமல் தரப்பட்ட அக்கருவிக்கு விலை வேறு வகையில் இருந்தது. அதன் மூல நிரல் கட்டற்றதன்று. அதை இலவசமாகப் பயன்படுத்துவோர் போட்டிக் கருவி எதையும் உருவாக்கக் கூடாது என்றும் உரிமம் தடுத்தது. ஸ்டால்மன் கண்டித்தார், கர்னல் நிரலாளருள்ளும் சிலர் அதைத் தொட மறுத்தனர். வறட்டுப் பிடிவாதம் என்று அந்த எதிர்ப்பு ஒதுக்கப்பட்டது.

விண்டோஸ் கணினிகளோடு பிற கணினிகள் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளை எழுதிய ஆஸ்திரேலியர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் வழங்கியிலிருந்து தரவைப் பெறும் கட்டற்ற கருவியொன்றைப் பின்னர் எழுத முற்பட்டார். அவர் ஏதோ பெரிய மாயவித்தை செய்துவிட்டதாகப் பேசப்பட்டது. 2005 ஏப்ரலில் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் அவர் செய்து காட்டியதோ இவ்வளவுதான்: டெல்நெட் என்ற எளிய இணைப்புக் கருவி வழியே வழங்கியோடு இணைந்து, ‘ஹெல்ப்’ என்று தட்டினார், வழங்கி தான் ஏற்கும் கட்டளைகளின் பட்டியலைத் தானே எடுத்து நீட்டியது. அதற்குள் மெக்வாய், டிரிட்ஜெலின் முயற்சியைக் காரணம் காட்டி, இலவசப் பதிப்பை நிறுத்துவதாக அறிவித்திருந்தார். டோர்வால்ட்ஸின் சினம், கருவியைத் திரும்பப் பெற்றவரை விட்டுவிட்டு, டிரிட்ஜெல் மீது பாய்ந்தது நியாயமன்று.

மாநாட்டுக்கு முன்பே, அவ்வாண்டு ஏப்ரல் 3 அன்று, டோர்வால்ட்ஸ் பிட்கீப்பருக்கு மாற்றாகப் புதிய கருவியொன்றை எழுதத் தொடங்கியிருந்தார். 7ஆம் தேதிக்குள் அது தன் மூல நிரலின் வரலாற்றைத் தானே காக்கும் நிலைக்கு வந்தது; ஜூன் மாதம் வெளியான கர்னலின் 2.6.12 பதிப்பு அதன் துணையோடு உருவானது. அதுவே கட்டற்ற உரிமத்தில் வெளிவந்த கிட்.

இதைக் கொள்கையின் வெற்றியாகக் கொண்டாடுவோர், கண்டனம் மட்டும் மூன்றாண்டுகளாகக் கருவி எதையும் தந்துவிடவில்லை என்பதையும், முழு வரலாறும் ஒவ்வொருவரிடமும் இருக்கும் முறையின் பயனை டோர்வால்ட்ஸ் பிட்கீப்பரில்தான் அனுபவித்து அறிந்தார் என்பதையும் மறந்துவிடுகின்றனர். ஆயினும், கடிவாளம் பிறர் கையில் இருந்தால் வேலையும் அவர் தயவில்தான் நடக்கும் என்ற ஸ்டால்மன் தரப்பின் எச்சரிக்கை, நடைமுறை அறியாதவர் பேச்சன்று. அந்த விவகாரத்தில் இருந்தவற்றுள் மிகவும் நடைமுறை சார்ந்த கணக்கு அதுவே.

பிட்கீப்பரின் மூல நிரல் 2016இல் திறக்கப்பட்டபோது உலகம் கிட்டுக்கு மாறிவிட்டிருந்தது. அந்தக் கிட்டை மையமாக வைத்து 2008இல் தொடங்கிய கிட்ஹப் தளமோ, தன்னை இயக்கும் நிரலைத் திறக்கவில்லை. 2018இல் அதை மைக்ரோசாப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. அங்குள்ள நிரலின் வரலாற்றை எவரும் தம் கணினியிலேயே வைத்திருப்பதால் நினைத்த நாளில் வெளியேறலாம். ஆனால் பிழை அறிக்கைகளும் அவற்றின்மேல் நடந்த விவாதங்களும் அந்நிறுவனத்தின் வழங்கியில் இருப்பதால், அவ்வளவு எளிதில் உடன் வருவதில்லை.