வாயுள்ள பிள்ளையும் வாயில்லாத பிள்ளையும்

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று எதிரணி நண்பர் முழங்கினார். அப்ப வாய் பேச வராத பிள்ளை?

மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளில் பலருக்குக் காது கேட்கும், விஷயம் புரியும். நாக்கும் உதடும்தான் சொன்னபடி கேட்காது. அவர்களுக்காக, சென்னை வித்யாசாகர் நிறுவனத்தோடு சேர்ந்து அஜித் நாராயணன் என்ற இளைஞர் 'ஆவாஸ்' என்றொரு கருவி செய்தார். படத்தைத் தொட்டால் அது பேசும். 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இதழ் அவரை உலகின் 35 இளம் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

"கருவிக்குக் காசில்லையே ஐயா!" சிவகாசிப் பக்கத்துல இருந்துக்கிட்டு அச்சடிச்ச படத்துக்கா பஞ்சம்? வெட்டி அட்டையில ஒட்டுங்க. சோறு, தண்ணி மட்டும் போதாது. 'வேண்டாம்', 'வலிக்குது' ரெண்டும் கட்டாயம் இருக்கணும். நீங்க பேசுறப்பவும் அதே படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசுங்க. அதைப் பாத்துத்தான் பிள்ளை பழகும்.

கேள்வி கேட்டா, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நாம எங்க எண்ணுறோம்? "தம்பி என்ன சாப்பிடுவான்?"னு விருந்தாளி அம்மாகிட்டக் கேட்பார். "அவனுக்கு இட்லிதான் பிடிக்கும்"பாங்க அம்மா. பையனோட விரல் தோசைப் படத்துக்குப் பாதி தூரம் போயிருக்கும்! (சிரிப்பு)

அந்த விரல் போய்ச் சேருகிற வரைக்கும் தட்டுல எதையும் வைக்காதீங்க, அம்மா! (கைதட்டல்)