தட்டேந்தும் கையின் கூலி

(பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி உணவகத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

வாளையாறு தாண்டும் லாரியும் குமுளி ஏறும் பேருந்தும் உணவுக்காக நிற்குமிடத்தில் தட்டேந்தி ஓடிவருகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கூலி தரவேண்டியவர் முதலாளியா, வாடிக்கையாளரா? இது பழைய கேள்வி.

1921இல் அமெரிக்காவின் டல்லாஸ் அருகே நெடுஞ்சாலையில் 'பிக் ஸ்டாண்ட்' உணவகம் தொடங்கிற்று. காரைவிட்டு இறங்காமலே உண்ணலாம். வந்து நிற்கும் காரின் படிப்பலகையில் இளைஞர்கள் தாவியேறி, வேண்டியதைக் கேட்டறிவார்கள். 'கார்ஹாப்' என்ற பெயர் அதனால் வந்தது என்பர். அவர்களில் பலருக்கு டிப்ஸே வருமானம். 1948இல் கலிபோர்னியாவில் மெக்டொனால்டு சகோதரர்கள் இப்பணியாளர்களை நீக்கிவிட்டு, வாடிக்கையாளரையே சன்னலுக்கு வரவழைத்தனர். பண்டத்தின் விலை குறைந்தது, வேலையும் போயிற்று. டிப்ஸ் பெறுபவருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சத் தொகை, அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். மிச்சத்தை டிப்ஸ் ஈடுகட்ட வேண்டுமாம்!

சென்னையில் 1962இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் திறக்கப்பட்டது. கார்க் கதவில் தட்டை மாட்டிப் பரிமாறினார்கள். 2008இல் அது மூடப்பட்டு, அவ்விடம் செம்மொழிப் பூங்காவாயிற்று. அங்கு குடித்த காபியை ஏக்கத்தோடு எழுதியோர் பலர். தட்டை மாட்டியவர்களை எழுதியோர் மிகச் சிலர்.

இந்த மண்ணில் வேறொரு வரலாறும் உண்டு. காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடித் தொழிலாளர்களைத் தெருவில் நிறுத்தியபோது, கடைகளை நீங்களே நடத்துங்கள் என்று வழிகாட்டியவர் ஏ.கே.கோபாலன். 1961இல் குமுளியை அடுத்த அமராவதியில், வெளியேற்றப்பட்ட குடியானவர்களுக்காக உண்ணாநோன்பிருந்தவர் அவர். 1971இல் பாலக்காடு மக்களவைக்கு அனுப்பியதும் அவரைத்தான். 1957இல் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை திறந்தது. விசிறித் தலைப்பாகையுடன் மேசைக்கு வருகிறவர் ஏவலாளர் அல்லர், சங்கத்தின் உறுப்பினர். நிர்வாகக் குழுவுக்கு வாக்களிப்பவர்.

அமெரிக்காவில் கார்ஹாப்புகள் வேலையிழந்த அதே 1948இல்தான் இந்தியாவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. டிப்ஸைக் கூலியில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. ஆயினும் "சாப்பாடு போடுகிறோம், டிப்ஸும் கிடைக்கிறதே" என்று சொல்லிச் சாலையோர முதலாளிகள் கூலியைக் குறைக்கிறார்கள். அந்தப் பேச்சை ஏற்க வேண்டாம். வருகைப் பதிவேட்டில் பெயரையும், மாத முடிவில் கூலிச் சீட்டையும் கேளுங்கள். தனித்தனியாக அன்று, ஒரு கடையின் சமையற்காரர் முதல் மேசை துடைப்பவர் வரை சேர்ந்து கேளுங்கள்.