பிரசவ ஆபத்தும் ஒத்திகையும்

(மதுரைக்கடுத்த ஒரு கிராமத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு மாடு விடுகிறவர்கள் இங்கு பலர் இருப்பீர்கள். மண்மேட்டைக் குத்த வைத்து, கண்மாயில் நீந்த வைத்து, பல மாதம் பழக்காமல் எவராவது காளையை அவிழ்த்து விடுவதுண்டா? மாட்டுக்கு அவ்வளவு பழக்கம் வேண்டுமென்று அறிந்த நாம், பிரசவ அறையில் நிற்கும் நர்சுக்கு மாத்திரம் ஆபத்து வேளையில் கைப்பழக்கம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராமல் போனால், "அவள் தலையெழுத்து" என்று சொல்லி எழுந்து போய்விடுகிறோம்.

அந்தத் தலையெழுத்தின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். பிள்ளை பிறந்த பின் கர்ப்பப்பை சுருங்காவிட்டால் இரத்தம் பெருகும். கவனியாவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் உயிர் போகலாம். வயிற்றின்மேல் கைவைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்துச் சுருங்கச் செய்வதும், ஆக்ஸிடோஸின் ஊசி போடுவதும், போன இரத்தத்தை அளந்து பார்ப்பதும் நர்சு செய்யக்கூடிய காரியங்களே. பிரசவத்தில் வலிப்பு வந்தால் முன்னே பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். இன்று அதற்கு மக்னீசியம் சல்பேட் இருக்கிறது. ஒரு ஊசிக்கு அழிந்துபோகிற எழுத்தைப் பிரமன் ஏன் மெனக்கெட்டு எழுதினான்?

2018-20ம் வருஷக் கணக்குப்படி லட்சம் குழந்தை பிறந்தால் தமிழ்நாட்டில் 54 தாய்மார் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் 97, கேரளத்தில் 19. நம்மிடம் அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆகவே, ஆஸ்பத்திரிக்குள் என்ன நடக்கிறது என்பதையே இனிக் கேட்கவேண்டும்.

சங்கடம் என்னவென்றால், பெரிய ஆபத்து தினமும் வருவதில்லை. சிறிய சுகாதார நிலையத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்தும், தோள் சிக்கிய குழந்தையை ஒரு நர்சு காணாமலிருக்கலாம். அது வருகிற அன்று அவர் யாருடைய உடம்பில் கற்றுக்கொள்வது? ஏழைப் பெண்ணின் உடம்பில்தானே!

இதற்கு வழி புதிதல்ல. பிரான்ஸ் தேசத்தில் து கூட்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் தாய்ப் பொம்மையும் பிள்ளைப் பொம்மையும் செய்து, 1759ல் அரசன் உத்தரவு பெற்று, ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கைவேலையைக் கற்பித்தாள். அங்கே மருத்துவச்சிக்கு அரசன் உத்தரவு! இங்கேயோ பிள்ளையை எடுத்த கைக்கே தீட்டு என்று முற்றத்தில் நிறுத்திப் பழஞ்சோறு போட்டார்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து சவுத்மீட் ஆஸ்பத்திரியில் தோள் சிக்கும் பிரசவத்தைப் பொம்மையில் எல்லோருக்கும் பழக்கினார்கள். அப்படிப்பட்ட பிரசவத்தில் காயப்பட்ட குழந்தைகள் முன்பு நூற்றுக்கு 9.3, பழக்கத்திற்குப் பின் 2.3. இது 2008ல் வெளியான கணக்கு.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நம்மிலும் ஏழை மாநிலமான பீகாரில், ஒரு நர்சு பிரசவ வழி தைத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு தாயாக நடித்தார். போலி இரத்தம் ஓடிற்று. மற்றவர்கள் வைத்தியம் செய்தார்கள். அதைப் படம் பிடித்து, பிறகு எல்லோரும் உட்கார்ந்து, எவரையும் திட்டாமல், எது விட்டுப்போயிற்று என்று பேசினார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வாய்ப்பழக்கம். ஒருவர் "ஊசி போடு" என்றால் மற்றவர் "போட்டாயிற்று" என்று உரக்கச் சொல்லவேண்டும். டாக்டர் ஒன்றை மறந்தால், நேற்று வேலைக்கு வந்த நர்சும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நம் தேசத்தில் இது லேசான காரியமா? பெரியவர் முன் வாய்பொத்தி நிற்பதே மரியாதை என்று பிறந்தது முதல் பழக்கியிருக்கிறோம். அந்த மரியாதைக்கு விலை, கட்டிலில் கிடப்பவளின் இரத்தம். தைரியமாகப் பேசு என்று புத்திமதி சொன்னால் போதாது. பத்துத் தடவை ஒத்திகையில் பேசினவர்தான் பதினோராவது தடவை உண்மையில் பேசுவார்.

இன்னொரு சங்கதி. பொம்மை வாங்கினால் மட்டும் ஆகாது. பீரோவில் பூட்டி வைத்து, ஆயுத பூஜையன்று எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி பூட்டுகிற புத்தி நமக்குண்டு.

ஆகவே, உங்கள் ஊர் சுகாதார நிலையத்திற்குப் போய் மரியாதையாகக் கேளுங்கள்: கடைசி ஒத்திகை எந்தத் தேதியில் நடந்தது? இராத்திரி முறை நர்சும் அதில் சேர்ந்தாரா? தேதி சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாவிட்டால், அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.