"எல்லாருக்கும் ஓகேவா?"

இன்னிக்கு எபிசோட் மீட்டிங் பத்தி. "நாள் முழுக்க ஆபீஸ்ல அதுதான், வீட்டுக்குப் போற வழியில காதுலயும் அதேவா"ன்னு நீங்க புலம்பறது எனக்குக் கேக்குது. ஒரு பத்து நிமிஷம் குடுங்க. இது நானே நடத்தி, நானே சொதப்பின ஒரு மீட்டிங்கோட கதை.

நான் டீம் லீட் ஆன புதுசு. நவம்பர் மாசம். அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சதும், நியூயார்க் டீமோட எங்களுக்கு இருந்த ஏழரை மணி கால் ராத்திரி எட்டரைக்குப் போயிடும். அவங்களுக்குக் காலையில பத்து மணி, ஃப்ரெஷ்ஷா இருப்பாங்க. சென்னையில நாங்க பசியில இருப்போம்.

வியாழக்கிழமை கால். மறுநாள் ரிலீஸ். மொத்தம் 14 பேர். முகப்புப் பக்கத்து பேனர்ல என்ன வாசகம் போடறதுன்னு முதல் விஷயம். சுலபமான விஷயம்தானேன்னு அதை முதல்ல வெச்சேன். சுலபமா இருந்ததாலேயே எல்லாருக்கும் அதுல ஒரு கருத்து இருந்தது. நாற்பது நிமிஷம் போச்சு.

அடுத்தது, ஆர்டர் டேபிள்ல ஒரு புது இன்டெக்ஸ் சேர்க்கணும். ரெண்டு நிமிஷத்துல படிச்சு முடிச்சேன். "எல்லாருக்கும் ஓகேவா?"ன்னு கேட்டேன். அமைதி. "சூப்பர், தேங்க்ஸ்"னு சொல்லி காலை முடிச்சேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன ஆச்சுன்னா, டெஸ்ட்ல சில ஆயிரம் வரிகள்தான் இருந்தது, இன்டெக்ஸ் நொடியில முடிஞ்சது. ப்ரொடக்ஷன்ல அதே டேபிள்ல கோடிக்கணக்கான வரிகள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல சாதாரணமா இன்டெக்ஸ் போட்டா, அது முடியற வரைக்கும் அந்த டேபிள்ல புதுசா எதையும் எழுத விடாது. அதாவது ஒரு ஆர்டர்கூட உள்ள போகாது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்னுச்சு. கட்டளையில 'கன்கரன்ட்லி'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தா, கொஞ்சம் நேரம் கூட எடுத்திருக்கும், ஆனா எழுதறது நின்னிருக்காது.

திங்கட்கிழமை டீக்கடையில, டீம்ல சேர்ந்து நாலே மாசமான ஒரு பையன் மெதுவா ஆரம்பிச்சான். "ப்ரோ, அந்த டேபிள் எவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரியும். முந்தின வாரம் ஒரு ரிப்போர்ட்டுக்காக எண்ணிப் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"மியூட்டை எடுக்கறதுக்குள்ள நீங்க தேங்க்ஸ் சொல்லிட்டீங்க. அதுவும் இல்லாம, இவ்ளோ சீனியர்ஸ் இருக்காங்க, யாருக்காவது தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

டீ இறங்கவே இல்ல எனக்கு. அவன் மேல தப்பு சொல்ல ஒண்ணுமே இல்ல. "எல்லாருக்கும் ஓகேவா?"ங்கறது கேள்வியே இல்லைங்க. வீட்டுக்கு வந்தவர் செருப்பு மாட்டினப்புறம் வாசல்ல நின்னு "சாப்பிட்டுப் போலாமே"ன்னு சொல்ற மாதிரி. பதில் என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

இதைப் பத்திப் படிக்கும்போதுதான் சேலஞ்சர் விண்கலத்தோட கதைக்குப் போனேன். நம்ம ரிலீஸையும் அதையும் ஒரே தட்டுல வைக்கல. ஆனா அதுவும் ஒரு கான்ஃபரன்ஸ் கால்தான். 1986 ஜனவரி 27, ஏவுதலுக்கு முந்தின ராத்திரி. ராக்கெட் பூஸ்டர் செஞ்ச மார்ட்டன் தயோகால் நிறுவனத்தோட எஞ்சினியர்கள், ரோஜர் பாய்ஸ்ஜோலி உட்பட, "குளிர்ல ரப்பர் வளையங்கள் சரியா அடைக்காது, சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழ ஏவ வேண்டாம்"னு வாதாடினாங்க. நாசா தரப்புல அது எடுபடல. அஞ்சு நிமிஷம் தனியா பேசிக்கறோம்னு தயோகால் தரப்பு லைனை விட்டு விலகினாங்க. அது சுமார் அரை மணி நேரம் ஆச்சு. கடைசியில முடிவெடுத்தது நாலு மேலாளர்கள். எஞ்சினியர்கள் அதே அறையிலதான் இருந்தாங்க, அவங்க ஓட்டு கேக்கப்படல. திரும்ப லைன்ல வந்து "ஏவலாம்"னாங்க. வேற கருத்து யாருக்காவது இருக்கான்னு நாசா பக்கம் கேட்டாங்க. யாரும் பேசல. மறுநாள் காலையில, கிளம்பின 73 நொடியில விண்கலம் சிதறிப்போச்சு, ஏழு பேர் இறந்துட்டாங்க.

விஷயம் தெரிஞ்சவங்க அறைக்குள்ளதான் இருந்தாங்க. அதனால ஒரு மீட்டிங் நல்லா நடந்ததான்னு பார்க்க என்கிட்ட இப்ப ஒரே அளவுகோல்தான். சீக்கிரம் முடிஞ்சதாங்கறது இல்ல. விஷயம் தெரிஞ்ச ஆளால அதைச் சொல்ல முடிஞ்சுதா? அதுக்காக நாலு விஷயம் மாத்தினேன்.

ஒண்ணு, இன்வைட்ல தலைப்புக்குப் பதிலா கேள்வி. "ரிலீஸ் டிஸ்கஷன்"னு போட மாட்டேன். "இன்டெக்ஸை வெள்ளி ராத்திரி போடறதா, ஞாயிறு விடியக்காலையிலயா?"ன்னு போடுவேன். கேள்வியா எழுத வரலைன்னா அது வெறும் தகவல், மெயில் போதும். கஷ்டமான கேள்விதான் முதல்ல வரும். பேனர் கடைசி.

ரெண்டு, முதல் பத்து நிமிஷம் மௌன வாசிப்பு. அமேசான்ல ஜெஃப் பெஸோஸ் 2004ல மேல்மட்டக் கூட்டங்கள்ல பவர்பாயிண்டை நிறுத்தினார். அதுக்குப் பதிலா எழுதின குறிப்பை எல்லாரும் உட்கார்ந்து அமைதியா படிச்சுட்டுத்தான் பேச ஆரம்பிப்பாங்க. நாங்க ஒரு பக்கத்தோட நிறுத்திக்கறோம். வேகமா பேசத் தெரிஞ்சவருக்கு இருக்கற சலுகை இதுல கொஞ்சம் குறையுது.

மூணு, புதுசா வந்தவர் முதல்ல பேசணும். ராணுவ நீதிமன்றங்கள்ல இளைய அதிகாரி முதல்ல கருத்து சொல்ற வழக்கம் இருக்கு. பெரியவர் பேசிட்டா சின்னவர் வாய் திறக்கறது கஷ்டம்னுதான். கேள்வியையும் மாத்திட்டேன். "ஓகேவா?" கிடையாது. "இதுல எது உடையும்?" உடையும்னு வெச்சுக்கிட்டே கேக்கறதால, குறை சொல்றவர் தொந்தரவு பண்றவரா தெரிய மாட்டார்.

நாலு, கடைசி அஞ்சு நிமிஷம், எல்லார் கண்ணு முன்னாடியும் மூணு வரி டைப் பண்ணுவோம். என்ன முடிவு, யார் செய்யறாங்க, எப்போ. கூடவே, யாருக்கு என்ன மாற்றுக் கருத்துங்கறதும்.

உடனே எல்லாம் மாறிடல. முதல் வாரம் அந்தப் பையன்கிட்ட கேட்டப்போ "ஒண்ணுமில்ல ப்ரோ"ன்னான். திடீர்னு கேட்டா வைவா மாதிரிதானே இருக்கும்? அப்புறம் முந்தின நாளே கேள்வியை அனுப்ப ஆரம்பிச்சேன். மூணாவது வாரம், தயங்கித் தயங்கி, எங்க கேஷ் ப்ளான்ல ஒரு ஓட்டையைக் காட்டினான். அன்னிக்கு மீட்டிங் இருபது நிமிஷம் நீண்டுது. ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப்போச்சு. மேனேஜர்கிட்ட எனக்கு நல்லா விழுந்துது. பரவாயில்லைன்னு இருந்துது.

மீட்டிங்கை நடத்தற இடத்துல நீங்க இல்லைன்னா? கிளையன்ட் நடத்தறாங்க, நீங்க பதிமூணாவது சதுரத்துல இருக்கீங்கன்னா? பேச தைரியம் வரலைன்னா சாட்ல போடுங்க. "ஒரு சந்தேகம்"னு மட்டும் போட்டா மேல போயிடும். எண்ணோட போடுங்க. "இந்த டேபிள்ல இத்தனை கோடி வரிகள் இருக்கு, எழுதறது எவ்ளோ நேரம் நிக்கும்?" எண்ணைப் பார்த்துட்டு யாரும் சும்மா தாண்டிப் போக மாட்டாங்க.

நாளைக்கு உங்க கால்ல யாராவது "எல்லாருக்கும் ஓகேவா?"ன்னு கேட்டா, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. கேட்டவர் நீங்களா இருந்தா பத்து எண்ணுங்க. அதுக்குள்ள யாராவது மியூட்டை எடுக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.