சைக்கிளுக்கு ஒரு பாதை: டில்லியில் நான் கண்டதும் செய்ததும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், 1983ஆம் ஆண்டு சிவில் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் கூப்பிட்டபோது, "டில்லியில முப்பத்தஞ்சு வருஷம் இருந்திருக்கே, உருப்படியா ஏதாவது பேசு, ஆனா அரசியல் வேண்டாம்"னு சொன்னார். ரோட்டைப் பத்திப் பேசறேன்னேன். ரோட்டில் அரசியல் இல்லை என்று நினைத்துச் சம்மதித்துவிட்டார், பாவம்.

நம் காலத்தில் கல்லூரி வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஒரு கொட்டகை. சைக்கிள் ஸ்டாண்ட். தகர வில்லையில் நம்பர் எழுதி ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டி, மற்றதை நம் கையில் கொடுப்பார் ஸ்டாண்டுக்காரர். வில்லையைத் தொலைத்தவன் சாயங்காலம் கடைசி ஆள் போகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் என் எதிரே மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கும் இந்த நண்பரும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் வந்து, போலீஸ்காரரிடம் மாட்டி, அவர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட, மூன்று மைல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறோம். மோட்டார் வண்டி என்றால் புரொபசர் ஒருவரின் ஸ்கூட்டர், அவ்வளவுதான். ரோட்டில் யாருக்கு எந்த இடம் என்று அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை. நாங்கள் நல்லவர்களாக இருந்ததால் அல்ல. சண்டை போடுகிற அளவுக்கு வண்டி இல்லை.

1984இல் டில்லிக்குப் போனேன். முதல் நான்கு வருஷம் சைக்கிள், அப்புறம் ஸ்கூட்டர், அப்புறம் கார். வீடு ஷேக் சராய் பக்கம். ஆபீஸ் மூல்சந்த் தாண்டி. 2008 ஏப்ரலில் என் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருந்த அந்த ரோட்டையே மாற்றிவிட்டார்கள். பி.ஆர்.டி. என்று பெயர். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரைக்கும் 5.8 கிலோமீட்டர். ரோட்டின் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் தனித் தடம். அதற்கு வெளியே கார், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள். அதற்கும் வெளியே, ஓரமாக, சைக்கிளுக்கும் சைக்கிள் ரிக்ஷாவுக்கும் தனிப்பாதை. அதற்கப்புறம் நடைபாதை. டில்லி ஐ.ஐ.டி.யின் போக்குவரத்து ஆய்வுப் பிரிவில் இருந்த தினேஷ் மோகன், கீதம் திவாரி போன்றவர்களின் யோசனை அது. 2006இல் மத்திய அரசு வெளியிட்ட நகரப் போக்குவரத்துக் கொள்கையும் அதையேதான் சொன்னது: நகர வேண்டியது மனிதர்கள், வண்டிகள் அல்ல.

படிக்க நன்றாயிருந்தது. காரில் உட்கார்ந்து பார்க்க நன்றாயில்லை. சிராக் டில்லி சந்திப்பில் பஸ்ஸுக்குத் தனி சிக்னல், திரும்புகிறவனுக்குத் தனி சிக்னல், நேரே போகிறவனுக்குத் தனி சிக்னல். நம் முறை வருவதற்குள் பேப்பரில் பாதி படித்துவிடலாம். பக்கத்தில் பஸ் தடம் காலியாகக் கிடக்கும். இங்கே நாங்கள் நூறு கார்கள் உறுமிக்கொண்டு நிற்போம். எரிச்சல் வராதா? கொடி பிடித்துக்கொண்டு நின்ற மார்ஷல் பையன்கள் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. பத்திரிகைகளும் டி.வி.யும் தினம் தினம் கரித்துக் கொட்டின. எங்கள் குடியிருப்பில் ஒரு மனு சுற்றி வந்தது, இதை எடுத்துவிட வேண்டும் என்று. நானும் கையெழுத்துப் போட்டேன். சிவில் எஞ்சினியர் என்று பெயருக்குப் பக்கத்தில் வேறு எழுதினேன்.

அந்த எஞ்சினியர் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். ஒழுங்காக வேலை செய்கிற பஸ் தடம் எப்போதும் காலியாகத்தான் தெரியும். பஸ் நிற்காமல் போய்விடுகிறதே, அதனால். நிரம்பி வழிகிற தடம்தான் வேலை செய்யாத தடம். ஒரு பஸ்ஸில் அறுபது பேர். ஒரு காரில் ஒருவர், மிஞ்சினால் ஒன்றரை. அந்த அறுபது பேருக்கு நாற்பது கார் வேண்டும். சைக்கிளுக்கும் அதே கணக்குதான். பதினோரு பன்னிரண்டு அடி அகலத்தில் கார் ஓடினால் மணிக்குச் சுமார் இரண்டாயிரம் பேர் போகலாம். அதே அகலத்தில் சைக்கிள் விட்டால் அதைப்போலப் பல மடங்கு போகலாம். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? மூன்றாம் வருஷம் ஹைவே எஞ்சினியரிங்கில் நம் சாருடைய கையால் எழுபத்திரண்டு மார்க் வாங்கியவன் நான்.

இனிமேல் சொல்லப்போவது என் வீட்டில்கூட ரொம்ப நாள் சொல்லாதது.

2009இல் மழைக்காலம். கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. பையனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பத்து மணிக்கு மீட்டிங். சிராக் டில்லிக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே எல்லாம் நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு மோட்டார் சைக்கிள்கள் இடது பக்கம் ஒடித்து சைக்கிள் பாதைக்குள் ஏறின. நானும் ஏறினேன். உள்ளே போனதும் வேறு மனுஷனாகிவிட்டேன். எனக்கு முன்னால் போன சைக்கிள்களைப் பார்த்து ஹாரன் அடித்தேன். அவர்களுடைய பாதையில், என் வழியை மறிக்கிறார்கள் என்ற கோபத்தோடு அடித்தேன். பால் கேன் கட்டிய ஒரு சைக்கிள்காரர், என் வயசுதான் இருக்கும், பதறி ஒதுங்கியவர் ஓரக்கல்லில் முட்டிச் சாய்ந்தார். கேன் உருண்ட சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையை ஊன்றிக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை.

மீட்டிங்குக்கு மூன்று நிமிஷம் லேட்.

பதினோரு மணிக்கு டீ வந்தது. எங்கள் ஆபீஸில் டீ கொடுப்பவர், பைல் சுமப்பவர் எல்லாம் ஒரே ஆள். எங்கள் ரோட்டின் தென்கோடியில் இருந்த தட்சிண்புரியில் வீடு. தினம் சைக்கிளில் வருவார். நான் சக அதிகாரியிடம் காலையில் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பி.ஆர்.டி.யைத் திட்டிக்கொண்டேதான். பால்காரர் விழுந்ததையும் ஒரு வேடிக்கை மாதிரிச் சொன்னேன். டீயை வைத்தவர் போகாமல் நின்று, "சாப், அந்த ஆள் எழுந்தாரா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு பதில் தெரியவில்லை. "எழுந்திருப்பார்" என்றேன். அவர் டிரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் சில நாள் கழித்து நானாகவே அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பாதை எப்படி பையா இருக்கு என்றேன். அவர் ஒன்றும் அதைப் புகழ்ந்து தள்ளவில்லை. "நல்லாத்தான் போட்டாங்க சாப். ஆனா பாதிதூரம் மோட்டார் சைக்கிள்காரங்க. ஒரு இடத்துல கார் நிறுத்தியிருப்பாங்க, ஒரு இடத்துல தோண்டிப் போட்டு மூடமாட்டாங்க. அப்ப நாங்க கீழே இறங்கி கார் போற இடத்துல போவோம். அங்கே கார்க்காரங்க, உனக்குத்தான் பாதை இருக்கே, இங்கே ஏன் வந்தேன்னு திட்டுவாங்க" என்றார். தனிப்பாதை வருவதற்கு முன் அந்தத் திட்டாவது கிடையாது, பாருங்கள்.

மோட்டார் சைக்கிளைத் தடுக்க வாசலில் கம்பம் நடலாமே என்று இந்தத் தம்பிகள் கேட்பார்கள். நடலாம். ஆனால் சைக்கிள் ரிக்ஷா நுழைகிற இடைவெளி விட்டாக வேண்டும். ரிக்ஷா நுழைகிற இடத்தில் மோட்டார் சைக்கிள் ஒய்யாரமாக நுழையும். இந்தக் கணக்கை எந்தக் கம்பத்தாலும் போட முடியாது, அங்கே ஒரு போலீஸ்காரர் நின்றால்தான் முடியும். இருந்த போலீஸ்காரரும் மார்ஷலும் பஸ் தடத்தைக் காக்கவே போதவில்லை.

சைக்கிள்காரர்களும் உத்தமர்கள் இல்லை. எதிர்த்திசையில் வருவார்கள், சிக்னல் பார்க்க மாட்டார்கள், பஸ் தடம் காலியாக இருந்தால் அதிலும் ஏறுவார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் தப்புச் செய்தால் அடிபடுவது அவர். நான் தப்புச் செய்தாலும் அடிபடுவது அவர்தான்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. பஸ் தடத்தை எல்லா வண்டிக்கும் திறந்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். 2012இல் கொஞ்ச நாள் திறந்துவிட்டும் பார்த்தார்கள். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் அளந்து, தனித் தடம் இல்லாமல் இருப்பதே மேல் என்கிற மாதிரி அறிக்கை கொடுத்தது. ஆனால் அந்த அக்டோபரில் டில்லி உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. கார் எவ்வளவு நேரம் நின்றது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, ரோட்டில் போகிற மொத்த ஜனங்களையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

கோர்ட்டில் ஜெயித்தது ரோட்டில் நிற்கவில்லை. 2015இல் டில்லி அரசாங்கம் இதை எடுத்துவிட முடிவு செய்தது, 2016இல் இடித்தார்கள். மொத்த நகரத்துக்கும் வலை போலப் போட வேண்டியதை 5.8 கிலோமீட்டர் போட்டு, அதையும் வருஷக்கணக்கில் அரைகுறையாய் விட்டுவைத்தால் யார்தான் அதற்காக நிற்பார்கள்? ஆறு கிலோமீட்டர் ரயில் தண்டவாளம் போட்டுவிட்டு, ரயில் திட்டம் தோல்வி என்று சொல்கிற மாதிரிதான். எங்களுக்கு ஒரு தடம் கூடுதலாகக் கிடைத்தது. அதற்கப்புறமும் நான் ரிட்டயர் ஆகும்வரை சிராக் டில்லியில் நின்றுகொண்டுதான் இருந்தேன். தினேஷ் மோகன் 2021இல் கோவிட்டில் காலமானார். அவரை நான் பார்த்ததில்லை. என் கையெழுத்து இருந்த மனு எந்தக் குப்பைக்குப் போனதோ.

இது பணக்காரர் ஏழை கதை என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்கு அப்படித்தான் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவசாயம் அல்லாத வேலைக்கு சைக்கிளில் போனவர்கள் இரண்டரைக் கோடிக்கும் மேல். காரில் போனவர்கள் ஐம்பது லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். ஐந்துக்கு ஒன்று. ரோட்டைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?

எங்கள் டீக்காரர் பையாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நான் ரிட்டயர் ஆன அன்று விடைபெற்றுக்கொள்ள வந்தார். பையன் வேலைக்குப் போய் அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டானாம். சைக்கிளை விற்றாயிற்றா என்றேன். "யார் சாப் வாங்குவாங்க, மாடிப்படிக்குக் கீழே கிடக்கு" என்றார்.

சரி, டில்லியை விட்டு நம் வாசலுக்கு வருகிறேன். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் இன்று மதியம் வரப்போகிற தீர்மானங்கள் அச்சாகியிருக்கின்றன. நான்காவது தீர்மானம், முன்னாள் மாணவர் நிதியிலிருந்து கல்லூரிக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டிக் கொடுப்பது. இடம், பழைய சைக்கிள் ஸ்டாண்ட். நல்ல எண்ணத்தில் கொண்டு வந்த தீர்மானம், எனக்கு வருத்தம் இல்லை. இன்று காலை என் மாப்பிள்ளையின் காரை நிறுத்த இடமில்லாமல் நானே இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

ஆனால் வருகிற வழியில் அந்தக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். நாம் நினைப்பதுபோல் காலியாக இல்லை. நாற்பத்தேழு சைக்கிள் இருந்தது, எண்ணினேன், பழைய பழக்கம். முக்கால்வாசி, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறதே, அந்த சைக்கிள்கள். அதில் வருகிற பிள்ளைகள் இந்த ஹாலில் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தீர்மானத்தில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது, நமக்குத்தான் உண்டு. "சைக்கிள்கள் பின்கட்டுக்கு மாற்றப்படும்" என்று தீர்மானத்தில் ஒரு வரி இருக்கிறது. பின்கட்டில் கூரை கிடையாது, போகிற வழியில் கேன்டீன் லாரி திரும்புகிற இடம். காலை ஒன்பது மணிக்குப் போய் நின்று பாருங்கள்.

ஆகவே ஒரு திருத்தம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கார் பின்கட்டுக்குப் போகட்டும். கார் மழையில் நனையலாம். சைக்கிள் கொட்டகை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், கூரையைப் புதிதாகப் போட என் பங்காக ஐம்பதாயிரம் தருகிறேன். தீர்மானத்தைக் கொண்டு வந்த நண்பர் என்னைவிட நன்றாகப் பேசுவார், அவர் பதில் சொல்லட்டும். இரண்டரை மணிக்கு ஓட்டெடுப்பு. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போய்விடாதீர்கள்.