பேசப் பழகும் பிள்ளைகளுக்கு ஆலயம் துணை நிற்கட்டும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடையில் சமயச் சொற்பொழிவு கேட்டுப் பழகியவர்கள் நாம். இன்று அரசாங்க ஊழியன் ஒருவன் ஆட்டிசம் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லேன். பேச்சுப் பயிற்சியாளனும் அல்லேன். என் தமக்கை மகனுக்கு இப்போது பதினாறு வயது. அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அவனோடு பேசப் பழகிய அனுபவமும், அதற்காகப் படித்தறிந்த சில செய்திகளுமே என்னை இம்மேடைக்குக் கொண்டு வந்தன.

அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாலை வேளையில் அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட நான், வழக்கம்போல் "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு பத்து மணிக்குத் தமக்கை தொலைபேசியில் அழைத்தார். பையன் உறங்க மறுத்து வாசற்கதவருகே அமர்ந்திருப்பதாகக் கூறினார். ஏன் என்று கேட்டதற்கு, "மாமா வருகிறேன் என்றார்" என்பதே அவன் பதில். நமக்கு அது விடைபெறும் சொல். அவனுக்கு அது வாக்குறுதி. அவன் என் சொல்லைச் சரியாகவே கேட்டிருந்தான். அச்சொல்லின் பின்னால் உள்ள வழக்கத்தை மட்டும் எவரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

அன்பர்களே, நாம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கிறோம்; வாய்ப்பாட்டைக் கற்பிக்கிறோம். உரையாடலைக் கற்பிப்பதில்லை. அது தானே வரும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாகவே வந்தும் விடுகிறது. ஆட்டிசமோ பிற தொடர்புத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கு அதனையும் ஒரு பாடமாகவே கற்பிக்க வேண்டும். கற்றதைப் பழகிப் பார்க்க ஓர் இடமும் தர வேண்டும். இதுவே என் உரையின் சாரம்.

1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் வழியாகவே ஆட்டிசம் மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. அது தொற்று நோயன்று, முற்பிறவிப் பாவமன்று, தாயின் வளர்ப்புக் குறையுமன்று. மூளையின் வளர்ச்சியில் அமையும் வேறுபாடு அது. வாழ்நாள் முழுவதும் உடனிருப்பது. சிலர் சரளமாகப் பேசுவர். சிலர் பேசவே மாட்டார். ஆட்டிசம் இல்லாமலேயே உரையாடலில் மட்டும் இடர்ப்படுவோரும் உண்டு. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அதனைத் தனியொரு குறைபாடாக வகுத்துள்ளது.

சிறு வயதில் விளையாட்டே நட்பு. பந்தை உருட்டினால் போதும், பேச்சு அதிகம் தேவையில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பேச்சே நட்பாகி விடுகிறது. கேலி, குறிப்புமொழி, இரட்டைப் பொருள் எல்லாம் கலந்து வருகின்றன. இவ்வயதில்தான் நம் பிள்ளைகள் தனித்து விடப்படுகிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் பள்ளியும் முடிந்துவிட்டால், பெற்றோரைத் தவிரப் பேச ஆளின்றி நான்கு சுவர்களுக்குள் அடங்கி விடுகிறார்கள்.

அந்தத் தனிமையை நான் சிறிதளவு அறிவேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, 1993-இல் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். சொல்ல வேண்டியது மனத்தில் இருந்தது. மலாய் மொழியில் எந்த இடத்தில் நுழைந்து பேசுவதென்று தெரியவில்லை. பல வாரங்கள் வாய் திறக்கவில்லை. மந்தமான பையன் என்று பெயர் வாங்கினேன். எனக்குச் சில மாதங்களில் நீங்கிய அத்துன்பம் இப்பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

இனி, வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உரையாடலைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். அருகில் செல்லுதல், வணக்கம் சொல்லுதல், ஒன்று கேட்டல், பதிலுக்குக் காத்திருத்தல், அதையொட்டி ஒன்று சொல்லுதல், விடைபெறுதல். ஒரு வாரத்திற்கு ஒரு படி போதும்.

இரண்டாவது, நடித்துப் பழக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் எங்கள் ஆசிரியர் இருவரை எழுப்பி, ஒருவரைக் கடைக்காரராகவும் மற்றவரை வாங்குபவராகவும் பேச வைப்பார். அதே முறைதான். அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எலிசபெத் லாகசன் என்னும் உளவியலாளர் உருவாக்கிய 'பியர்ஸ்' பயிற்சியிலும் நடித்துக் காட்டலும் ஒத்திகையும் உண்டு. அதில் பெற்றோருக்கும் தனி வகுப்பு நடைபெறுகிறது. வகுப்பில் கற்றதை வெளியில் பழக வைப்பவர்கள் பெற்றோரே என்பதனால்தான் இந்த ஏற்பாடு.

மூன்றாவது, புதிய இடத்திற்குச் செல்லுமுன் அங்கு நடக்கவிருப்பதைச் சிறு கதையாக எழுதிக் காட்டுங்கள். 1990-களின் தொடக்கத்தில் கரோல் கிரே என்னும் ஆசிரியை இம்முறையைப் பரப்பினார். "கோயிலில் மணி அடிக்கும். சத்தம் பெரிதாக இருக்கும். நான் வெளி மண்டபத்தில் நிற்கலாம்." இவ்வளவு போதும்.

நான்காவது, கேள்வி கேட்டபின் பொறுத்திருங்கள். மனத்திற்குள் பத்து எண்ணுங்கள். பிள்ளைக்காக நாமே பதில் சொல்வது பெருந்தவறு. அத்தவற்றை நான் பல ஆண்டுகள் செய்தேன். "உன் பெயர் என்ன?" என்று அவனை யார் கேட்டாலும் நானே சொல்லி விடுவேன். உதவி என்று எண்ணி அவன் முறையைப் பறித்துக் கொண்டிருந்தேன்.

ஐந்தாவது, பேச்சு வராத பிள்ளை படத்தைக் காட்டியோ, எழுதியோ, கைக்கணினியைத் தொட்டோ சொல்வதும் உரையாடல்தான். அவற்றைக் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்னும் அச்சத்திற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. முகத்தைப் பார்த்துப் பேசு என்றும் வற்புறுத்தாதீர்கள். வேறெங்கோ பார்த்துக்கொண்டே கவனமாகக் கேட்பவர்கள் அவர்களில் பலர்.

தாய்மொழி பற்றியும் ஒரு சொல். குழப்பம் வரும், தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள் என்று சில பெற்றோருக்கு அறிவுரை கிடைக்கிறது. இரு மொழிச் சூழலில் வளரும் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி வளர்ச்சி அதனால் மேலும் பின்தங்குவதாக இதுவரை நடந்த ஆய்வுகள் காணவில்லை. தாத்தா பாட்டியின் மொழியைப் பறித்துவிட்டால், அப்பிள்ளையிடம் பேசக்கூடிய மனிதர்களே குறைந்து விடுவார்கள். ஆனால் நம் மொழியின் மறைபொருள்களை விளக்கிச் சொல்ல வேண்டும். யாரை 'நீங்கள்' என்பது, யாரை 'அண்ணன்' என்பது, "சாப்பிட்டாச்சா?" என்பது நலம் விசாரிப்பு என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடங்கள்.

பாடம் அவர்களுக்கு மட்டும்தானா? 2012-இல் டேமியன் மில்டன் என்னும் ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். அவரும் ஆட்டிசம் உடையவரே. புரியாமை இரு பக்கமும் இருக்கிறது. அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளாதது போலவே நாமும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை என்றார் அவர். திருக்குறளில் இனியவை கூறலுக்கும் சொல்வன்மைக்கும் அதிகாரங்கள் இருப்பது போலவே கேள்விக்கும் ஓர் அதிகாரம் உண்டு. கேட்பவர் சரியில்லையென்றால் பேசுபவர் என்ன பழகியும் பயனில்லை.

கேட்பவர்கள் நிறைந்த இடம் ஆலயம். சென்ற ஆண்டு இந்த ஆலய நிர்வாகத்தினர் என் மருமகனுக்கு வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் ரசம் பரிமாறும் பணியைத் தந்தார்கள். "ரசம் வேண்டுமா?" என்பது ஒரே கேள்வி, "வேண்டும்", "போதும்" என்பன இரண்டே பதில்கள். முதல் வாரம் "போதும்" என்ற பெரியவர் ஒருவரின் தட்டில் தொடர்ந்து ஊற்றிவிட்டான். அவர் கோபிக்கவில்லை. கையைத் தட்டின்மேல் வைத்துக் காட்டி, "போதும் தம்பி" என்று மீண்டும் சொன்னார். அந்த ஒரு பொறுமை, வீட்டில் நாங்கள் செய்த ஒரு மாதப் பயிற்சிக்குச் சமம். இன்று காது மந்தமான பாட்டியிடம் குனிந்து மறுமுறை கேட்கவும் கற்றுக்கொண்டான்.

நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பது அவர்களின் உரிமை என்கிறது. ஆகவே நிர்வாகத்தினரிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, மேளமும் ஒலிபெருக்கியும் இல்லாத ஓர் அமைதி வேளையை வாரத்தில் ஒரு நாள் அறிவியுங்கள். இரண்டு, இத்தகைய இளைஞர்களுக்குத் திட்டமான, சிறிய பணிகளை வழங்குங்கள். மூன்று, தேவார வகுப்பு மாணவர் இருவரையேனும் அவர்களுக்குத் தோழர்களாக அமர்த்துங்கள். பக்தர்களாகிய உங்களிடம் ஒரே வேண்டுகோள்: ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நின்றாலோ, கேட்டதையே திருப்பிச் சொன்னாலோ, "வளர்க்கத் தெரியவில்லை" என்று அந்தத் தாயின் காதுபட முணுமுணுக்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு அஞ்சி ஆலயத்திற்கு வருவதையே நிறுத்திவிட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

இப்போதும் நான் தமக்கை வீட்டிலிருந்து புறப்படும்போது "போய் வருகிறேன்" என்றே சொல்கிறேன். மருமகன் கதவருகே அமர்வதில்லை. "எந்தக் கிழமை, மாமா?" என்று கேட்கிறான். "ஞாயிற்றுக்கிழமை" என்கிறேன். சொன்ன கிழமையில் சென்றும் விடுகிறேன்.

 எல்லாப் பிள்ளைகளும் நலம் பெற எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.